எண்பத்தாறு டிகிரிப் புகை வீடு

எங்க தோட்டத்துப் புகை வீட்டுல சூடே கிடையாது. நான் சொல்லல, கம்பெனி ரிஜிஸ்டர் சொல்லுது. மூணு மாசமா, காலையில ஒரு தடவ, சாயந்திரம் ஒரு தடவ, ஆபீஸ் கணக்கெழுதுற பெரிய கிராணி வல்லிபுரம் ஐயா சிவப்பு மையில எழுதி வச்சிருக்காரு: எண்பத்தாறு, எண்பத்தாறு, எண்பத்தேழு, எண்பத்தாறு. பாரன்ஹீட் கணக்குல அது வெறும் வெளிக்காத்துச் சூடுதான். உள்ள போனா புருவம் பொசுங்குதே ஐயான்னு கேட்டா, அது உங்க தோலோட அபிப்பிராயம்னு சொல்லிடுவாரு. தோலுக்கு அபிப்பிராயம் இருக்குன்னே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

நான் அழகம்மா. மலாயாவுல குருணுக்குப் பக்கத்துல பதினோராங்கட்டைத் தோட்டம், அங்கதான் பொறந்தேன், அங்கதான் வாக்கப்பட்டேன். கித்தா மரத்துல எடுக்குற ரப்பர் பாலை உறைய வச்சு, மிஷின்ல குடுத்து ஷீட்டாக்கி, புகை வீட்டுல மூங்கில் மேல தொங்கவிட்டு நாலு நாள் காய வைப்பாங்க. காஞ்ச ஷீட்டை ஸ்டோர் ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாக்குறது என் வேலை. வெள்ளைப் புள்ளி தெரிஞ்சா சரியா காயல. கொப்புளம் தெரிஞ்சா சூடு மிஞ்சிப்போச்சு. ரெண்டும் இல்லாம தேன் கலர்ல பளிச்சுனு இருந்தா ஒண்ணாம் நம்பரு. அந்தச் சூட்டை வைக்கிறவரு எங்க வீட்டுக்காரரு. அவரு பேரை நான் வாயால சொல்ல மாட்டேன். ரிஜிஸ்டர்ல அம்மாசின்னு போட்டிருக்கு. ஒன்பது வருசமா கதவுப் பலகையில புறங்கையை வச்சுப் பாத்துப் பாத்தே விறகு தள்ளுறவரு. கை பொறுக்கலன்னா மேல இருக்குற பலகையைத் திறந்து விடுவாரு, கை குளுந்தா ரெண்டு கட்டை தள்ளுவாரு. அவ்வளவுதான் அவருக்குத் தெரிஞ்ச சாஸ்திரம். அது போதும்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம், அறிவு கெட்டவங்க.

முப்பத்தொண்ணாம் வருசம் கித்தா விலை தரையில விழுந்துச்சு. மாசம் பொறந்தா ஆபீஸ் சுவத்துல ஒரு லிஸ்ட்டு ஒட்டுவாங்க. அதுல பேரு வந்தா கம்பெனி குடுத்த லயத்து வீட்டுல இருக்கக் கூடாது. மறுநாள் லாரி, குருண் ஸ்டேஷன், பினாங்கு, அப்புறம் நாகப்பட்டணத்துக் கப்பல். எங்க லயத்துல பன்னெண்டு வீட்டுல ஏழு வீடு பூட்டிக் கிடந்துச்சு. நாங்க ஒவ்வொரு மாசமும் லிஸ்ட்டைப் பாக்கப் போறப்ப எனக்குக் கால் ரெண்டும் என்னுதாவே இருக்காது. படிக்கத் தெரியாது, அதனால பக்கத்துல நிக்கிறவங்க மூஞ்சியைப் பாப்பேன். மூஞ்சி என் பக்கம் திரும்பலன்னா நம்ம பேரு இல்ல. அப்படித்தான் தெரிஞ்சுக்கிறது.

அந்தச் சமயத்துலதான் கம்பெனியில இருந்து சர்க்குலர் வந்துச்சு. பெரிய கிராணி அதைக் காலையில பேரு கூப்பிடுற பெரட்டுல எல்லாரையும் நிக்க வச்சு வாசிச்சாரு. அவரு யாழ்ப்பாணத்து ஆளு. கழுத்து வரைக்கும் பட்டன் போட்ட வெள்ளைக் கோட்டு, வெயில்லயும் கழட்ட மாட்டாரு.

"கவனமாய்க் கேளுங்கோ. கித்தா விலை ஏன் விழுந்தது எண்டு லண்டனிலே ஆறு மாசம் ஆராய்ச்சி செய்து கண்டுபிடிச்சிருக்கினம். தோட்டத்து ஆட்கள் சாஸ்திரம் தெரியாமல் வேலை செய்கினம். சூட்டோடு வேலை செய்கிறவனுக்கு உஷ்ண சாஸ்திரம் தெரியாது. வெளிச்சத்தோடு வேலை செய்கிறவளுக்கு ஒளி சாஸ்திரம் தெரியாது. மணி அடிக்கிறவனுக்கு அலை சாஸ்திரம் தெரியாது. இப்படி இருந்தால் விலை விழாமல் என்ன செய்யும்? ஆகவே மூண்டு மாசப் படிப்பு, முடிவிலே பரீட்சை. பாசானவரைக் கம்பெனி ஒருபோதும் அனுப்பாது. பெயிலானவரின் பேர் அடுத்த லிஸ்டிலே வரும்."

கூட்டத்துல மூணு பேரைக் கை காட்டினாரு. எங்க வீட்டுக்காரரு, நான், மணி அடிக்கிற அய்யாவு அண்ணன். என் இடுப்புல இருந்த எங்க மக புஷ்பவள்ளிக்கு மூணு வயசு. அவளையும் ஒரு பார்வை பாத்தாரு. சூடு, ஒளி, அலை மூணுலயும் சேராதவள்னு விட்டுட்டாருபோல.

பாடத்துக்குப் புத்தகம் வேணும்ல. கிராணியையா ஒரு பெரிய காலேஜுக்கு எழுதிப் போட்டாரு: சூடு, சத்தம், வெளிச்சம் பத்திப் பாடம் அனுப்பவும். காலேஜுல இருந்து ஒரு பெட்டி வந்துச்சு. பட்டம் வாங்குற பிள்ளைங்க ரெண்டு வருசம் படிக்கிற பாடமாம் அது. சின்னப் பாடம்னு அவங்ககிட்ட ஒண்ணும் இல்லையாம். நாங்க மூணு பேரும் கைநாட்டு. எங்க வீட்டுக்காரரு பயந்து பயந்து கேட்டாரு, "சாமி, இதுல கொஞ்சம் சின்னதா ஒண்ணு..."

"படிப்பிலே பெரிசு சின்னது இல்லை," ன்னாரு கிராணியையா. "பரீட்சையிலே பாஸ் எண்டு சர்க்குலர் சொல்லுது. எந்தப் பரீட்சை எண்டு சொல்லயில்லை. பெட்டியைத் திருப்பி அனுப்பினால், பிழையாய்க் கேட்டுவிட்டேன் எண்டு துரை நினைப்பார். இனி நீங்கள் மூண்டு பேரும் மாணாக்கர். மாணாக்கரை நீ எண்டு சொல்லக் கூடாது. அம்மாசி, நீர் முன்னுக்கு இரும்."

அன்னையிலேர்ந்து எங்களை நீர்னு கூப்பிட ஆரம்பிச்சாரு. அதுவரைக்கும் வாடா போடான்னுதான் கூப்பிடுவாரு, அது பழகிப்போச்சு. நீர்னு சொன்னதும் நாங்க லிஸ்ட்டு ஒட்டுற சுவத்தைத் திரும்பிப் பாத்தோம். ஆளை அனுப்புறப்பதான் இப்படி மரியாதையா பேசுவாங்க.

தினம் ரெண்டு மணிக்கு ஆபீஸ் வராந்தாவுல பாடம். முத நாள் கேள்வி: உஷ்ணம் என்றால் என்ன?

"சுடுறதுங்க சாமி," ன்னாரு எங்க வீட்டுக்காரரு.

"பிழை. உஷ்ணம் எண்டது ஒரு இடத்திலே இருந்து இன்னொரு இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிற சக்தி. போகும்போதுதான் அதுக்குப் பேர் உஷ்ணம். ஒரு பொருளுக்குள்ளே உஷ்ணம் இருக்குது எண்டு சொல்லவே கூடாது. புகை வீட்டுக்குள்ளே என்ன இருக்குது, சொல்லும்?"

"உஷ்ணம்... இல்லீங்க சாமி."

"நல்லது."

அன்னைக்குச் சாயந்திரம் அவரு புகை வீட்டு வாசல்ல குந்திக்கிட்டு ரொம்ப நேரம் கதவையே பாத்துக்கிட்டு இருந்தாரு. "ஏ புள்ள, உள்ள ஒண்ணும் இல்லயாமே," ன்னாரு. "ஒன்பது வருசமா நான் எதைப் பாத்துக்கிட்டு இருந்தேன்?"

என் பாடம் இன்னும் மோசம். கண்ணாடியில தெரியுற மூஞ்சி அங்க இல்ல. தண்ணிக்குள்ள தெரியுற மீன் அங்க இல்ல. ரெண்டு சின்ன ஓட்டை வழியா வெளிச்சம் வந்தா, சில எடத்துல வெளிச்சமும் வெளிச்சமும் சேந்து இருட்டாகும். இதை மட்டும் நான் உடனே புரிஞ்சுக்கிட்டேன். வெள்ளைக்காரத் துரையும் கிராணியையாவும் ஒண்ணா உக்காந்து யோசிச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? மத்ததையெல்லாம் கிளிப்பிள்ளை மாதிரி மனப்பாடம் பண்ணினேன். ஷீட்டைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஒளி முறியிற விதியைச் சொல்லுவேன். அங்கிட்டு அவரு விறகு அடுக்கிக்கிட்டே உஷ்ண விதி ஒண்ணு, உஷ்ண விதி ரெண்டுன்னு மந்திரம் மாதிரி சொல்லுவாரு. புஷ்பா எங்களைப் பாத்து அழும். பேய் பிடிச்சிருக்குன்னு நினைச்சிருக்கும் பாவம்.

பாடம் ஆரம்பிச்ச ரெண்டாம் நாளே தெர்மாமீட்டர் வந்திருச்சு. பினாங்குல இருந்து, வெல்வெட்டுப் பெட்டியில, ஒரு முழ நீளத்துல. படிப்புல செய்முறைன்னு ஒண்ணு இருக்காம். தினம் ரெண்டு வேளை புகை வீட்டுச் சூட்டை அளந்து கம்பெனிக்கு எழுதணும். பெட்டியைத் திறந்ததும் கிராணியையா முகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு. அவரே சின்ன வயசுல இந்தப் பட்டத்துக்குத் தபால்ல படிச்சவராம். உஷ்ணப் பேப்பர்ல மட்டும் மூணு தடவ கோட்டை விட்டவராம். அதைச் சொல்லிக்கிட்டே தெர்மாமீட்டரை எடுத்து, தன் நாற்காலிக்குப் பின்னால சுவத்துல மாட்டினாரு.

"சாமி, புகை வீடு அந்தாண்ட இருக்குதுங்களே," ன்னாரு எங்க வீட்டுக்காரரு.

"புகைக்குள்ளே வைச்சால் கண்ணாடி கறுத்துப் போகும். பிறகு எப்படி வாசிக்கிறது?"

"இங்க வச்சா ஆபீஸ் சூடுதானே சாமி தெரியும்?"

கிராணியையா புத்தகத்தைப் புரட்டினாரு. விரலை வச்சு வாசிச்சாரு. "இரண்டு பொருட்கள் நெடுங்காலம் சேர்ந்திருந்தால், இரண்டும் ஒரே உஷ்ண நிலைக்கு வந்துவிடும். இது விதி. ஆபீசும் புகை வீடும் பதினொரு வருசமாய் ஒரே வளவிலே நிக்குது. இதுக்கு மேலே எவ்வளவு காலம் வேணும்? இங்கே எண்பத்தாறு எண்டால் அங்கேயும் எண்பத்தாறு. நீர் விதியோடு சண்டை பிடிக்கிறீரோ?"

சண்டையா? எங்க வீட்டுக்காரரு கையைக் கட்டிக்கிட்டு பின்னால நகந்தாரு. இப்படித்தான் எண்பத்தாறு பொறந்துச்சு.

பத்து நாள்ல கம்பெனிக் கடுதாசி: புகை வீடு நூத்தி இருபது இருக்க வேண்டும், உங்கள் தோட்டத்தில் எண்பத்தாறு மட்டுமே, விறகுக்காரன் என்ன செய்கிறான்? அதே கவருல இன்னொரு கடுதாசி: விறகுச் செலவைப் பாதியாகக் குறைக்கவும். ரெண்டையும் கிராணியையா எங்க வீட்டுக்காரருக்கு வாசிச்சுக் காட்டினாரு. ரெண்டுக்கும் கைநாட்டு வாங்கிக்கிட்டாரு.

வீட்டுக்கு வந்தவரு சோத்தைத் தொடல. "அழகு, விறகைக் கூட்டினா லிஸ்ட்டு. குறைச்சா லிஸ்ட்டு. உள்ளபடி சூடு ஏத்தி ஆபீஸ்ல எண்பத்தாறைத் தாண்டணும்னா, புகை வீட்டோட ஆபீசையும் சேத்துல்ல கொளுத்தணும்?"

"வாயை மூடுங்க, யாராச்சும் கேட்டுறப் போறாங்க," ன்னேன். எழுந்து கதவைச் சாத்தினேன். "நீங்க எப்பவும்போல கையை வச்சுப் பாத்துச் செய்யுங்க. நல்ல ஷீட்டு வரட்டும். நல்ல ஷீட்டு வர்ற எடத்துல ஆளை எதுக்கு அனுப்பப் போறாங்க?"

நான்தான் சொன்னேன் அப்படி. இன்னைக்கு நினைச்சாலும் என் வாயில நானே போட்டுக்கணும்போல இருக்கு.

அலை சாஸ்திரம் அய்யாவு அண்ணனைக் கொண்டுபோச்சு. அது இப்படி. சத்தம் எவ்வளவு வேகமாப் போகுதுன்னு அளக்குறதுக்கு அண்ணனை அரை மைல் தள்ளி மேட்டுக் கொல்லையில நிறுத்தினாங்க. தண்டவாளத் துண்டு ஒண்ணு, சுத்தியல் ஒண்ணு. கிராணியையா ஆபீஸ் வாசல்ல கடிகாரத்தோட. அண்ணன் ஓங்கி அடிக்கிறது கண்ணுக்குத் தெரிஞ்சப்புறம் ரெண்டரை செகண்டு கழிச்சுத்தான் சத்தம் வந்துச்சு. கிராணியையா கணக்குப் போட்டுப் பாத்தாரு. புத்தகத்துல இருக்குற வேகம் அப்படியே வந்துருச்சு! குதிக்காத குறை. அண்ணனைக் கூப்பிட்டுத் தோள்ல தட்டிக் குடுத்தாரு. காலையில பத்து மணிக்கு மணி கேட்டதால, வேலை முடிஞ்சுபோச்சுன்னு பாலுக்கு மரம் வெட்டுற சனம் மொத்தமும் வாளியோட இறங்கி வந்துருச்சு. அதைக்கூட அவரு திட்டல.

ஆனா மணி அடிக்கிறதை எழுதுற ஃபாரம் ஒண்ணு இருக்கு. அதுல "பிந்திய நேரம்"னு ஒரு கட்டம். கட்டத்தைச் சும்மா விடக் கூடாதாம். கிராணியையா உண்மையை எழுதினாரு: இரண்டரை செகண்டு. கம்பெனியில அந்தக் கட்டத்தை மட்டும்தான் படிப்பாங்கபோல. அடுத்த லிஸ்ட்டுல முத பேரு அய்யாவு.

லாரியில ஏறுறப்ப அண்ணன் என்னைத்தான் பாத்தாரு. "தாயி, நான் லேட்டா அடிக்கல. சத்தம்தான் லேட்டாப் போச்சு. ஆரும் கேக்க மாட்டேங்குறாங்க." வயசு ஐம்பதுக்கு மேல. அங்க போயி யாரு வீட்டு வாசல்ல நிக்கிறதுன்னு அவருக்கே தெரியாது. எங்க வீட்டுக்காரரு லாரி போன பக்கமே பாத்துக்கிட்டு நின்னாரு. என் கையைப் பிடிச்சிருந்தாரு. பத்துப் பேர் பாக்க அவரு என் கையைப் பிடிச்சது அது ஒரு தடவதான்.

அப்புறம் பரீட்சை நாள் வந்துச்சு. பினாங்குல இருந்து பரீட்சை அதிகாரி செல்லப்பான்னு ஒருத்தரு கார்ல வந்து இறங்கினாரு. துரை மாதிரி தொப்பி, ஆனா நம்ம ஆளு. துரை வராந்தாவுல சாய்வு நாற்காலியில உக்காந்து பைப்பு பிடிச்சுக்கிட்டு இருந்தாரு. கிராணியையா கோட்டுக்குள்ள வேர்த்துக் கொட்டிக்கிட்டு இருந்தாரு.

செல்லப்பா ஐயா எழுந்து பேசினாரு: "பயப்பட வேண்டாம். நான் தண்டிக்க வரவில்லை, மதிப்பிட வந்திருக்கிறேன். பரீட்சைக்கு ஆள் முகம் தெரியாது, ஏழை பணக்காரன் தெரியாது, புருஷன் பெண்சாதி தெரியாது. உண்மையைச் சொன்னால், என்ன நடக்கிறது என்பதே பரீட்சைக்குத் தெரியாது. அதுதான் அதன் பெருமை."

துரை பைப்பை எடுத்துட்டு தலையை ஆட்டினாரு.

முதல்ல வாய்க் கேள்வி. எங்க வீட்டுக்காரரு நின்னாரு. உஷ்ண விதி ஒண்ணு, கேட்டாங்க, சொன்னாரு. ரெண்டு, சொன்னாரு. உராய்வு இல்லாத, சேதாரம் இல்லாத எஞ்சினைப் பத்திக் கேட்டாங்க. அதையும் ஒரு சொல்லு மாறாம ஒப்பிச்சாரு. எனக்குப் பெருமை தாங்கல.

"அப்படிப்பட்ட எஞ்சின் எங்கே இருக்கிறது?" ன்னு செல்லப்பா ஐயா கேட்டாரு.

அது பாடத்துல இல்ல. அவரு முழிச்சாரு. "சுங்கைப்பட்டாணி டவுன்ல இருக்குமுங்களா சாமி?"

செல்லப்பா ஐயா என்னமோ எழுதிக்கிட்டாரு. "பரவாயில்லை. செய்முறையில் பார்ப்போம்."

செய்முறைன்னா புகை வீட்டுக்குள்ள போய் அளக்கணும். கிராணியையா தெர்மாமீட்டரைச் சுவத்துல இருந்து கழட்டி ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு வந்தாரு. வந்து மூணு மாசத்துல அது புகை வீட்டைப் பாக்குறது அன்னைக்குத்தான். செல்லப்பா ஐயா மூக்குல கைக்குட்டையைக் கட்டிக்கிட்டு உள்ள போனாரு. நாங்க வெளிய நின்னோம். நான் சுங்கைப்பட்டாணி மாரியம்மாளுக்கு முடி இறக்குறேன்னு வேண்டிக்கிட்டேன். என் முடி, புஷ்பா முடி, ரெண்டு பேரு முடியும்.

செல்லப்பா ஐயா கண்ணெல்லாம் தண்ணியா வெளிய வந்து சொன்னாரு: "நூற்றி இருபது."

நூத்தி இருபது! கம்பெனி கேட்ட அதே நூத்தி இருபது, ஒரு டிகிரி கூடல குறையல. ஒன்பது வருசம் புறங்கையில அளந்த கணக்கு. எனக்கு அழுகை வந்துருச்சு. பொழச்சோம்டா சாமின்னு அப்படியே தரையில உக்காந்துட்டேன்.

செல்லப்பா ஐயா ரிஜிஸ்டரைக் கேட்டு வாங்கினாரு. ஒவ்வொரு பக்கமா திருப்பினாரு. "இதில் நூற்றி எண்பது அளவு எழுதியிருக்கிறது. எல்லாம் எண்பத்தாறு, எண்பத்தேழு. இன்றைக்கு மட்டும் நூற்றி இருபது. மிஸ்டர் வல்லிபுரம், இது எப்படி?"

கிராணியையா வாயைத் திறந்தாரு. துரையைப் பாத்தாரு. வாயை மூடிக்கிட்டாரு.

"நான் சொல்கிறேன்," ன்னாரு செல்லப்பா ஐயா. "செய்முறை படிக்கிற எந்த மாணவனுக்கும் இது தெரியும். நிறைய அளவுகள் ஒரே இடத்தில் நிற்கும்போது ஒன்று மட்டும் விலகி நின்றால், அந்த ஒன்று பிழை. அதைத் தள்ளிவிட வேண்டும். நூற்றி எண்பது அளவு பொய் சொல்லுமா, ஒன்று பொய் சொல்லுமா? இன்றைய நூற்றி இருபதைத் தள்ளிவிட்டேன். புகை வீட்டின் உஷ்ணம் எண்பத்தாறு. தவிர, பரீட்சைக்கென்று ஒரு நாள் மட்டும் சூட்டை ஏற்றி வைத்திருப்பது மோசடி. ஆனால் முதல் தடவை என்பதால் அதை எழுதவில்லை. பெயில் என்று மட்டும் எழுதுகிறேன்."

இவ்வளவையும் அவரு கண்ணுல வழிஞ்ச தண்ணியைத் துடைச்சுக்கிட்டே சொன்னாரு. புகையில சிவந்த கண்ணு.

எங்க வீட்டுக்காரரு கையைத் திருப்பினாரு. புறங்கையைப் பாத்துக்கிட்டு நின்னாரு, அதுல ஏதோ தப்பு இருக்குற மாதிரி.

அடுத்து என் பேரைக் கூப்பிட்டாங்க.

என் பயத்தை எப்படிச் சொல்லுவேன்? மூணு மாசமா பாசாகணுமே, பாசாகணுமேன்னு பயந்தேன். இப்ப பாசாகிடக் கூடாதேன்னு பயம். அவரு கப்பல்ல போயி நான் பிள்ளையோட இங்க கிடக்கவா? பெயிலானா அவரோட போயிரலாம். பட்டினியோ என்னவோ, மூணு பேரும் ஒண்ணாக் கிடப்போம். கேட்ட கேள்விக்கெல்லாம் தெரியாதுங்க, தெரியாதுங்கன்னே சொன்னேன். விதி எல்லாம் தொண்டை வரைக்கும் வந்து நின்னுச்சு, முழுங்கிட்டேன். கிராணியையா என்னையே பாத்தாரு.

"வாய்க் கேள்வி பூஜ்யம்," ன்னாரு செல்லப்பா ஐயா. "செய்முறை ஒன்றே போதும், அதில் சரியாகச் சொன்னால் பாஸ்." ஒரு ஷீட்டைக் கையில குடுத்தாரு. "வெளிச்சத்தில் பிடித்து, இது எப்படி இருக்கிறது என்று சொல்லும்."

தூக்கிப் பிடிச்சேன். பளிங்கு மாதிரி இருந்துச்சு. ஒரு புள்ளி இல்ல, ஒரு கொப்புளம் இல்ல. அவரு காய வச்சதாச்சே. எந்தப் பதிலைச் சொன்னா பெயிலாவேன்? கெட்ட ஷீட்டுன்னு சொன்னா, எண்பத்தாறு டிகிரியில அப்படித்தான் இருக்கும், ரிஜிஸ்டரோட ஒத்துப்போகுதுன்னு பாஸ் போட்டுருவாங்களோ? நல்ல ஷீட்டுன்னு சொன்னா? உள்ளதைச் சொன்ன மனுசனை இப்பத்தானே பெயிலாக்கினாங்க. உள்ளதைச் சொன்னா பெயிலு. அப்ப உள்ளதையே சொல்லிருவோம்.

"இது ஒண்ணாம் நம்பருங்க சாமி," ன்னேன். "நூத்தி இருபதுல காஞ்சது. என் வீட்டுக்காரரு காயவச்சது."

செல்லப்பா ஐயா ரிஜிஸ்டரையும் என்னையும் மாறி மாறிப் பாத்துட்டு பேனாவை எடுத்தாரு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி. அந்த நேரம் பாத்து துரை எழுந்து வந்தாரு. அந்த மூணு மாசத்துல அந்த மனுசன் செஞ்ச ஒரே வேலை அதுதான். ஷீட்டை என் கையில இருந்து வாங்கி, வெயிலுக்கு நேரா பிடிச்சுப் பாத்தாரு.

"ரொம்ப நல்லாருக்கு," ன்னாரு துரை, அவருக்குத் தெரிஞ்ச தமிழ்ல. "ஒண்ணாம் நம்பர். பொம்பளை கண்ணு நல்ல கண்ணு. பாஸ்."

"பாஸ்," ன்னாரு செல்லப்பா ஐயா.

"துரை! சாமி!" ன்னு நான் கால்ல விழுந்துட்டேன். "ஷீட்டு நல்லாருக்குன்னா அதைக் காயவச்ச ஆளும் நல்ல ஆளுதானே? எண்பத்தாறுல இப்படிக் காயுமா?"

செல்லப்பா ஐயா பொறுமையாத்தான் சொன்னாரு. "அது வேறு பேப்பர் அம்மா. ஒளிப் பேப்பரில் உஷ்ணத்தைப் பற்றிக் கேள்வி கிடையாது."

"அப்ப என்னையும் பெயிலாக்குங்க சாமி. அவரோட அனுப்பிருங்க."

அவருக்கு முகமே மாறிப்போச்சு. அதுவரைக்கும் அவரு கோவப்படல. "பாசைத் திருப்பிக் கொடுப்பதா? படித்தவர்களை அனுப்பக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். எத்தனை பேர் இதற்குத் தவம் கிடக்கிறார்கள் தெரியுமா?" ன்னு கத்திட்டு கார்ல ஏறிட்டாரு.

லிஸ்ட்டு ஒட்டின அன்னைக்கு நான் யாரு மூஞ்சியையும் பாக்கல. காலையில லாரி. அவரு ஒரு துணி மூட்டையோட ஏறினாரு. "புஷ்பாவை அடுப்புக்கிட்ட விடாதே," ன்னாரு. "நான் போயி ஏதாச்சும் வழி பாக்குறேன்." என்ன வழி? அவரைப் பெத்தவங்க எப்பவோ போய்ச் சேந்துட்டாங்க. லிஸ்ட்டுல போறவங்களுக்குத்தான் கம்பெனி டிக்கெட்டு, நானா கிளம்பிப் போக எங்ககிட்ட என்ன இருக்கு? புஷ்பா லாரியைப் பாத்துக் கையாட்டுச்சு, அவங்கப்பா கடைக்குப் போறாருன்னு நினைச்சுக்கிட்டு.

மறுநாள் பெரட்டுல கிராணியையா வாசிச்சாரு: புகை வீட்டுக்குச் சாஸ்திரம் பாசான ஆள்தான் வேணும், தோட்டத்துல பாசான ஆள் ஒண்ணே ஒண்ணு, ஆகவே அழகம்மா.

நான் அழல. சரி, இதுதான் வழின்னு மனசுக்குள்ள ஒரு கணக்குப் போட்டேன். ரிஜிஸ்டர் சொல்ற மாதிரியே புகை வீட்டை எண்பத்தாறுல வச்சேன். ஒரு நாளைக்கு நாலே கட்டை. மூணே வாரத்துல ஷீட்டெல்லாம் பச்சைப் பூஞ்சை பூத்து, நாத்தம் தாங்கல. ஒரு கட்டு ஷீட்டைத் தலையில தூக்கிக்கிட்டு, புஷ்பாவையும் கூட்டிக்கிட்டு ஆபீசுக்குப் போனேன். கல்யாணத்துக்குப் போற மாதிரி போனேன்னு சொன்னா நம்புவீங்களா?

"ஐயா, பாருங்க. எல்லாம் நான் கெடுத்தது. லிஸ்ட்டுல போடுங்க."

கிராணியையா பூஞ்சையைப் பாத்தாரு. நாற்காலிக்குப் பின்னால மறுபடி மாட்டியிருந்த தெர்மாமீட்டரைப் பாத்தாரு. ரிஜிஸ்டரைத் திறந்தாரு. "எண்பத்தாறு. முந்தியும் எண்பத்தாறு, இப்பவும் எண்பத்தாறு. நீர் வந்த பிறகு ஒரு மாற்றமும் இல்லை. உமது பேரிலே என்ன எண்டு பிழை எழுதுறது?"

"அப்ப இந்தப் பூஞ்சைக்கு யாரு ஜவாப்பு?"

ஏற்கெனவே எழுதி வச்சிருந்தாரு. எனக்கு வாசிச்சுக் காட்டினாரு: ஷீட் கெட்டதற்குக் காரணம் முன்னாள் விறகுக்காரன் அம்மாசி. அந்த ஆள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டார். மேல் நடவடிக்கை தேவையில்லை.

கதவு சாத்தியிருக்கான்னு பாத்துட்டு குரலை இறக்கினாரு. "பிள்ளை, எனக்குத் தெரியாதெண்டு நினைக்காதையும். நூற்றி இருபது எண்டு ஒரு நாள் எழுதினால், மூண்டு மாசம் நான் என்ன எழுதினேன் எண்டு கேப்பினம். கிராணிமாருக்கும் ஒரு லிஸ்ட் இருக்குது. எனக்கு மூண்டு பொம்பிளைப் பிள்ளையள்."

எனக்கு அவரு மேல கோவப்படக்கூட முடியல. எல்லாருக்கும் பயம். பாழாப்போன பயம்.

"அடுத்த பரீட்சை எப்பங்க ஐயா? அதுல பெயிலாயிடுறேன்."

"பாசான ஆளுக்குப் பரீட்சை இல்லை."

"அப்ப நான் எப்பத்தாங்க ஐயா பெயிலாகுறது? எப்பத்தான் அவருகிட்டப் போறது?"

கிராணியையா சர்க்குலரை எடுத்தாரு. முதல் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் நிதானமா, விரலை வச்சு வச்சு, எனக்காகத்தான் தேடினாரு. கடைசியில கண்ணாடியைக் கழட்டி மேசை மேல வச்சாரு.

"பெயிலான ஆளுக்குச் செய்ய வேண்டியது எல்லாம் இதிலே எழுதியிருக்குது, அழகம்மா," ன்னாரு. "பாசான ஆளுக்கு ஒண்டும் செய்ய ஏலாது."

நான் பூஞ்சை ஷீட்டைத் தலையில தூக்கிக்கிட்டு, புஷ்பாவைக் கையில பிடிச்சுக்கிட்டு, புகை வீட்டுக்குத் திரும்பி நடந்தேன்.